பச்சை பெயிண்டுக்கு அடியில தேக்கு இருக்கு: சுரண்டறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு போடுவோம்

ஊர்ல பூர்வீக வீட்டைப் பாகம் பிரிக்கிறாங்க. இடம் யாருக்கு, நகை யாருக்குன்னு பேசி முடிச்சாச்சு. கடைசியா மிஞ்சி நிக்கிறது மரச்சாமான். பின்கட்டுல ஆறடி உயரத்துக்கு ஒரு அலமாரி, மேலேருந்து கீழ வரைக்கும் பச்சை எனாமல் பெயிண்ட். சித்தப்பா போன் பண்றார். "தம்பி, உனக்கு வேணுமா? இல்லைன்னா பழைய சாமான் வாங்கறவர் வந்திருக்கார், ஐயாயிரம் தர்றேங்கறார்." நீங்க ஆபீஸ்ல மீட்டிங் நடுவுல இருக்கீங்க. "குடுத்துருங்க சித்தப்பா"ன்னு சொல்லி போனை வச்சிடறீங்க. அடுத்த மாசமே சென்னை வாடகை வீட்டுக்கு 48,000 ரூபாய்ல ஒரு வார்ட்ரோப், 12 மாச இஎம்ஐல வருது.

மக்களே, இந்தக் கதையை நம்ம சேனல் வீடியோவுல பத்து நிமிஷத்துல சொல்ல முடியாது. அதனால இங்க விரிவா எழுதறேன். என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். அந்த அலமாரியை என்னன்னு பார்க்காம விக்காதீங்க. அதே சமயம் அதை ஒரு முதலீடுன்னு நினைச்சும் வீட்டுக்குத் தூக்கிட்டு வராதீங்க. தூக்கிட்டு வந்துட்டீங்கன்னா, பெயிண்டை எடுக்கற வேலைல மட்டும் அவசரமே படாதீங்க. ரீல்ஸ்ல முப்பது செகண்ட்ல பச்சை உரிஞ்சு தங்க நிறத்துல தேக்கு பளபளன்னு வருதே, அதைப் பார்த்துட்டு மெஷினைத் தூக்கறவங்கதான் நான் இங்க கவலைப்படற ஆளுங்க. பிஎஃப் பணத்தை வேலை மாறும்போதெல்லாம் எடுத்துச் செலவு பண்றவங்களை நம்ம சேனல்ல திட்டுவோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே தப்புதான் இதுவும். பல வருஷமா சேர்ந்தது ஒரே நாள்ல போயிடும், திரும்ப அதே மாதிரி சேர்க்கவும் முடியாது.

முதல்ல, அந்த மரம் எங்கிருந்து வந்துச்சுன்னு கொஞ்சம் பார்ப்போம். பிரிட்டிஷ்காரங்க 1852 போர்ல கீழ் பர்மாவைப் பிடிச்சாங்க, 1885 போர்ல மேல் பர்மாவையும். அதுக்கப்புறம் பர்மாவுல நெல் விவசாயம் பெருகுனப்போ, அங்க கடன் கொடுத்து வாங்கற தொழில்ல பெரிய ஆளா இருந்தவங்க நம்ம நகரத்தார். அந்தப் பணமும் பர்மா தேக்கும்தான் கப்பல் ஏறி செட்டிநாட்டு வீடுகளுக்குத் தூணா, கதவா, அலமாரியா, கட்டிலா வந்துச்சு. 1942ல ஜப்பான் படை பர்மாவுக்குள்ள நுழைஞ்சதும் அந்த வரவு நின்னு போச்சு. பெரிய வீடுகளைப் பராமரிக்கவே வழியில்லாம போனப்போ பலர் சாமானை வித்தாங்க, சிலர் வீட்டையே பிரிச்சு வித்தாங்க. இன்னைக்கும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல வரிசையா இருக்கிற பழம்பொருள் கடைகளுக்கு அந்த வீடுகள்தான் ஆதாரம்.

ஆனா ஒண்ணு, பழசு எல்லாமே பர்மா தேக்கு இல்லை. அது விக்கிறவங்க வாய்ல வர்ற வார்த்தை. நம்ம ஊர்ப் பக்கம் பலா, வேம்பு, பூவரசு, உள்ளூர் தேக்குல செஞ்ச சாமானும் நிறைய இருக்கு. பெயிண்ட் மூடியிருந்தா எது எதுன்னு மேல பார்த்துச் சொல்லவே முடியாது.

சரி, இவ்வளவு நல்ல மரத்து மேல ஏன் பச்சை பெயிண்ட்? இதுல யாரையும் திட்ட ஒண்ணுமில்லை. பழைய பாலிஷுக்கு அப்பப்போ கவனிப்பு வேணும், அந்த வேலை தெரிஞ்ச ஆள் வேணும். எனாமல் டப்பா எந்தக் கடைலயும் கிடைக்கும். கல்யாணத்துக்கு வெள்ளையடிக்க வந்தவரே ஜன்னலுக்கு அடிச்சது போக மிச்சத்தை அலமாரிக்கும் அடிச்சுட்டுப் போயிடுவார். ஒரு கல்யாணத்துக்குப் பச்சை, அடுத்த கல்யாணத்துக்கு நீலம், பேரன் காதுகுத்துக்கு பிரவுன். உங்க அலமாரி மேல உங்க குடும்பத்து விசேஷங்கள் ஒவ்வொரு கோட்டா ஒட்டியிருக்கு.

பெயிண்டுக்கு அடியில என்ன இருக்கு?

இங்கதான் பணம் இருக்கு, கவனமா படிங்க. பச்சைக்கு அடியில நேரா பச்சை மரம் இருக்குன்னு நாம நினைக்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை. நடுவுல பழைய பாலிஷ் ஒண்ணு இருக்கும். அந்தக் காலத்து நல்ல சாமான்ல அது அரக்கு பாலிஷ், அதாவது பிரெஞ்ச் பாலிஷ். அரக்குப்பூச்சி மரக்கிளைல விடற பிசினை சுத்தம் பண்ணி, ஸ்பிரிட்ல கரைச்சு, பஞ்சைத் துணில சுத்தி அதுல நனைச்சு, நாள் கணக்குல தேய்ச்சுத் தேய்ச்சு ஏத்தறது. அந்த அரக்கு இன்னைக்கும் ஜார்க்கண்ட் பக்கத்துலேருந்துதான் அதிகமா வருது.

அரக்கு பாலிஷோட குணம் என்னன்னா, அது எப்பவுமே ஸ்பிரிட்ல திரும்பக் கரையும். சூடான டம்ளர் வச்சா வெள்ளை வளையம் விழும், தண்ணி நின்னா மங்கும், அது உண்மைதான். ஆனா அதே குணத்தால, மேல புதுசா ஒரு கை அரக்கு ஏத்தினா பழசோட கலந்து ஒண்ணாயிடும். கீறல் விழுந்த இடத்தை மட்டும் சரி பண்ணலாம், மொத்தத்தையும் சுரண்ட வேண்டாம். இப்ப எல்லாரும் அடிக்கிற பியூ பாலிஷ் அப்படி இல்லை. காய்ஞ்சு இறுகினதும் திரும்பக் கரையாது. அது தண்ணி, சூடு எல்லாம் தாங்கும், சமையல்கட்டு மேஜைக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனா நடுவுல ஒரு இடம் உரிஞ்சா, பெரும்பாலும் அந்தப் பலகை முழுசையும் தேய்ச்சுட்டு மறுபடி அடிக்கணும். வருஷா வருஷம் பார்த்துக்கக்கூடிய சின்னச் செலவு வேணுமா, பத்து வருஷத்துக்கு ஒருதரம் வர்ற பெரிய செலவு வேணுமா? இது பாலிஷ் கேள்வியே இல்லை, பட்ஜெட் கேள்வி.

உங்க அலமாரில எது இருக்குன்னு கண்டுபிடிக்க காசு செலவு பண்ண வேண்டாம். டிராயரை முழுசா வெளிய இழுங்க. கதவோட உள்பக்கம், டிராயர் ஓரம், பின்பக்கம், தட்டுக்கு அடியில பாருங்க. பெயிண்டர் அங்கெல்லாம் மெனக்கெட்டு அடிச்சிருக்க மாட்டார். பழைய நிறம் அங்க அப்படியே இருக்கும். அதை முதல்ல நல்ல வெளிச்சத்துல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பின்னாடி பாலிஷ்காரர்கிட்ட "இந்த நிறம் வேணும்"னு காட்ட இதைவிட நல்ல சாம்பிள் கிடையாது. அப்புறம் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலைல பஞ்சுல கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு வைங்க. பிசுபிசுன்னு இளகினா அரக்கு. ஸ்பிரிட்டுக்கு அசையாம தின்னருக்கு இளகினா அது லேக்கர். ரெண்டுக்கும் அசையலைன்னா எண்ணெய் வார்னிஷோ பிற்காலத்துப் பூச்சோ இருக்கலாம்.

அரக்கு இருந்துச்சுன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம். வழுவழுன்னு இருக்கிற பாலிஷ் மேல சரியா உப்புத்தாள் போடாம அடிச்ச எனாமல் கெட்டியா பிடிக்காது. மழுங்கின பட்டித் தகடை சாய்வா வச்சு மெதுவா தள்ளினா, தட்டையான இடங்கள்ல பெயிண்ட் மட்டும் சில்லு சில்லா பெயர்ந்து வர வாய்ப்பு உண்டு. அடியில பழைய பாலிஷ் அப்படியே தெரியும். இதுதான் எல்லாத்தையும்விட நல்ல வழி, செலவு குறைவு, நேரம் மட்டும் அதிகம். பெயிண்ட் ரிமூவரை எடுத்தீங்கன்னா பெயிண்டோட சேர்த்து அந்த அரக்கையும் அது தின்னுடும். ரிமூவரைத் தொடவே கூடாதுன்னு சொல்லலை. பூவேலைப்பாட்டுக்குள்ள நாலு கோட்டு பெயிண்ட் அடைச்சுக்கிட்டு இருந்தா வேற வழி இல்லை. ஆனா அது கடைசி வழி, முதல் வழி இல்லை.

சதுர அடி ரேட்டுல ஒரு ஆபத்து

பெயிண்ட் எடுக்க ஆளைக் கூப்பிட்டா முதல் கேள்வி, "சார், சதுர அடி ரேட்டா, இல்லை மொத்தமா காண்ட்ராக்டா?" நாமளும் ஐடி ஆளுங்க மாதிரியே "ஃபிக்ஸட் பிரைஸ்"னு சொல்லிடறோம். செலவு கட்டுக்குள்ள இருக்கும்னு நினைப்பு. அங்கதான் அந்த அலமாரி செத்துப் போகுது.

அவர் இடத்துல நின்னு யோசிங்க. மொத்த ரேட் பேசிட்டா, எவ்வளவு சீக்கிரம் முடிக்கிறாரோ அவ்வளவு லாபம். சீக்கிரம் முடிக்க ரெண்டே வழி. ஒண்ணு காஸ்டிக் சோடா, இன்னொண்ணு சாண்டிங் மெஷின். காஸ்டிக் தண்ணில கதவைக் கழட்டி ஊறப் போட்டா பெயிண்ட் கூழாகிடும், உண்மை. கூடவே மரத்தோட நிறம் கறுத்துப் போகும், நார் எழும்பி சொரசொரன்னு ஆகும். பழைய தச்சர்கள் ஆணிக்குப் பதிலா மரத்துக்குள்ள மரம் சொருகி வஜ்ஜிரம் போட்டு ஒட்டியிருப்பாங்க. அந்த வஜ்ஜிரம் மாட்டுத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கறது, ஊறினா விட்டுடும். சரியா கழுவி எடுக்கலைன்னா காரம் மரத்துக்குள்ளயே தங்கி, மேல போடற புது பாலிஷை ஆறு மாசத்துல வெளுக்க வைக்கும். அதுக்குள்ள ஆள் பணத்தை வாங்கிட்டுப் போயிருப்பார்.

சாண்டிங் மெஷின் வேற மாதிரி. ஒரு மரம் அறுபது எழுபது வருஷம் வெளிச்சம், காத்து, கை பட்டுப் பட்டு மேல ஒரு நிறம் ஏறியிருக்கும். அந்த நிறம் மேல்தோல்ல மட்டும்தான் இருக்கு. மெஷின் அதைத்தான் முதல்ல எடுக்கும். கதவு ஓரத்துல கூர்மையா இருந்த கோடு மழுங்கும், செதுக்கின பூவோட இதழ் தட்டையாகும். கடைசில உங்ககிட்ட நிக்கிறது நேத்து கடைல வாங்கின மாதிரி ஒரு புது அலமாரி. பழசுக்காகக் காசு கொடுக்கிறவங்க அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.

அதனால நான் சொல்றது, தினக்கூலி பேசுங்க. ஒரு நாள் ஒரு கதவை மட்டும் கொடுத்துப் பாருங்க. வேலை பிடிச்சிருந்தா அடுத்த நாள். "மெஷின் வேண்டாம், காஸ்டிக் வேண்டாம், ரெண்டு நாள் கூட ஆனாலும் பரவாயில்லை"ன்னு முதல்லயே சொல்லிடுங்க. அந்தக் கையில தேய்க்கற வேலை தெரிஞ்ச பெரியவங்க இன்னும் இருக்காங்க, ஆனா அவங்க சதுர அடிக்கு வர மாட்டாங்க, வந்தாலும் கட்டுப்படியாகாது. நாம எதுக்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் கிடைக்கும். மியூச்சுவல் ஃபண்ட் விக்கிறவருக்குக் கமிஷன் எங்க இருக்குன்னு பார்க்கச் சொல்றேனே, பாலிஷ்காரர் விஷயத்துலயும் அதையே பாருங்க.

வீட்டுல குழந்தை இருந்தா இதை மட்டுமாவது படிங்க

பழைய எனாமல் பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம். இந்தியாவுல வீட்டு பெயிண்ட்ல ஈயத்தை 90 பிபிஎம்முக்குள்ள கட்டுப்படுத்தற விதி 2016ல அறிவிச்சு, 2017 நவம்பர்லதான் நடைமுறைக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி அடிச்ச எந்தப் பெயிண்டையும் ஈயம் இருக்கறதாவே எடுத்துக்கிட்டு வேலை பண்ணுங்க. சும்மா இருக்கிற பெயிண்ட் பெரிய தொந்தரவு இல்லை. உலர்ந்தபடியே மெஷின் போட்டுத் தூளாக்கும்போதுதான் அது தரை, பாய், பொம்மை, குழந்தையோட கைன்னு எல்லா இடத்துக்கும் போகுது. குழந்தைகளோட மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். இதுக்குக் கீழ இருந்தா பயமில்லைன்னு சொல்லக்கூடிய ஒரு அளவு இதுவரைக்கும் தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ஹீட் கன்னை அதிக சூட்டுல வச்சா ஈயம் புகையாவும் மாறும், அரக்கும் உருகிப் போகும், ரெண்டுக்கும் கேடு.

ரிமூவர் டப்பாலயும் ஒரு விஷயம் இருக்கு. பழைய வகை ரிமூவர்ல மெத்திலீன் குளோரைடுன்னு ஒரு கரைப்பான் இருக்கும். வேகமா வேலை செய்யும். மூடின ரூம்ல, பாத்ரூம்ல வச்சு அதை உபயோகிச்சு ஆளுங்க செத்தே போயிருக்காங்க. அது உடம்புக்குள்ள போய் கார்பன் மோனாக்சைடா மாறும். அமெரிக்காவுல 2019லயே அது கலந்த பெயிண்ட் ரிமூவரைப் பொதுமக்களுக்கு விக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. சாதாரண ரப்பர் கையுறையையும் அது தாண்டி உள்ள போகும். டப்பாவைத் திருப்பிப் படிங்க, அந்தப் பேர் இருந்தா வைங்க கீழ. வேகம் குறைஞ்ச வேற ரிமூவர் இருக்கு, ஒரு ராத்திரி கூட ஊறட்டும்.

ஆகவே ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட் பால்கனில வச்சு இந்த வேலையைப் பண்ணாதீங்க. வீட்டுல மாசமா இருக்கிறவங்க, சின்னக் குழந்தைங்க இருந்தா சத்தியமா வேண்டாம். ஊர்லயே, திறந்த வெளில, ஈரப்படுத்திக்கிட்டே சுரண்டி, கீழ பிளாஸ்டிக் விரிச்சு, விழற சில்லை எல்லாம் கூட்டிக் கட்டி, வேலை செய்யறவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக் கொடுத்து முடிச்சுட்டு, அப்புறம் சாமானை வண்டில ஏத்துங்க. அந்த முகக்கவசத்துக்கு ஆகற காசை "அவர் பாடு"ன்னு விட்டுடாதீங்க. நம்ம குழந்தைக்கு ஆகாத தூசி அவர் நுரையீரலுக்கும் ஆகாது.

கணக்குக்கு வருவோம். ரேட் ஊருக்கு ஊர் மாறும், அதனால இது வெறும் உதாரணம், உங்க ஊர் நம்பரைப் போட்டுக்கோங்க. தினக்கூலி 1,200 ரூபாய்னு வச்சு ஏழு நாள், 8,400. அரக்கு, ஸ்பிரிட், மத்த சாமான் 3,000. ஊர்லேருந்து சென்னைக்கு வேற லோடோட சேர்த்து வண்டி 5,000. மொத்தம் 16,400. அந்தப் பக்கம் வார்ட்ரோப் 48,000. "நோ காஸ்ட் இஎம்ஐதானே"ன்னு சொல்வீங்க. கிரெடிட் கார்டுன்னா அந்த வட்டி மேல ஜிஎஸ்டியும் பிராசசிங் ஃபீஸும் பில்லுல தனியா வந்து நிக்கும், பாருங்க. வித்தியாசம் முப்பதாயிரத்துக்கு மேல. அதை இருபது வருஷம் எஸ்ஐபில போட்டா எவ்வளவு ஆகும்னு ஒரு கிராஃப் போடலாம், போட மாட்டேன். யாரும் அந்த முப்பதாயிரத்தை எடுத்து ஃபண்டுல போடப் போறதில்லை, அது நம்ம எல்லாருக்கும் தெரியும். கடன் ஒண்ணு குறையுது, அது போதும்.

பார்ட்டிகிள் போர்டு வார்ட்ரோப்பை நாலு தடவை வீடு மாத்திப் பாருங்க, அஞ்சாவது வீட்டுக்கு அது வராது. ஸ்க்ரூ பிடிக்கிற இடம் உதிர்ந்து போகும். தேக்கு அலமாரி வரும். ஆனா அதைத் தூக்க நாலு ஆள் வேணும், லிஃப்ட்ல நுழையாது, மூணாவது மாடிக்குப் படி வழியா ஏத்த தனிக் காசு கேட்பாங்க. வருஷா வருஷம் வீடு மாத்தற பேச்சிலரா இருந்தா, என் நேர்மையான பதில், இப்போதைக்கு ஊர்லயே யார் வீட்டுலயாவது இருக்கட்டும். பெயிண்டோடவே இருக்கட்டும். பச்சை பெயிண்ட் அசிங்கமா இருக்கலாம், ஆனா அடியில இருக்கிற பாலிஷை அது இத்தனை வருஷமா மூடிப் பாதுகாத்துட்டுதான் இருக்கு. இன்னும் அஞ்சு வருஷம் பாதுகாக்கட்டுமே.

செலவு பண்றதுக்கு முன்னாடி ஒரு தையல் ஊசி எடுத்து கால், அடிப்பலகை, பின்பலகைல அங்கங்க குத்திப் பாருங்க. பொசுக்குன்னு உள்ள போனா கரையானோ உளுவோ தின்னுருக்கு. பெயிண்டும் பட்டியும் போட்டு மூடின அலமாரிக்குள்ள இது ரொம்ப சகஜம். அப்படி இருந்தா பாலிஷ் பேச்சை விட்டுட்டு தச்சரைக் கூப்பிடுங்க.

சில சாமான்ல பெயிண்டே ஒரிஜினலா இருக்கும், அதையும் சொல்லிடணும். கதவு நிலைல பூக்கோலம், பெட்டி மேல கிளி, மயில் எழுதினது, சாமி பலகைல பொன் ரேக் ஒட்டினது, இதெல்லாம் செஞ்சப்பவே வரைஞ்சது. மங்கிப் போயிருக்குன்னு சுரண்டினா அந்தப் பொருளே போச்சு. மெல்லிய துணியைத் தண்ணில நனைச்சு நல்லா பிழிஞ்சு, ஓரமா துடைச்சுப் பார்த்து, நிறம் துணில ஏறலைன்னா தூசியை மட்டும் எடுங்க. நிறம் ஏறினா அதோட நிறுத்திட்டு, ஓவியம் பாதுகாக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் தேடணும்.

இது முதலீடு இல்லைன்னு ஏன் சொன்னேன்? தங்கத்துக்கு தினம் ஒரு ரேட் இருக்கு, பேப்பர்ல வருது. உங்க அலமாரிக்கு ரேட் எங்க வருது? வாங்க வர்றவர் சொல்றதுதான் ரேட். உங்ககிட்ட மரத்தை கன அடி கணக்குல பார்ப்பார், வாடிக்கையாளர்கிட்ட அதையே பாட்டன் காலத்துப் பொக்கிஷம்னு விப்பார். அந்த ரெண்டு விலைக்கும் நடுவுல இருக்கிற தூரம் எந்த ஃபண்டோட எக்ஸிட் லோடையும் சாப்பிட்டுடும். அவசரத்துக்கு ஆஸ்பத்திரி பில் கட்ட அலமாரியை விக்க முடியாது. வரி பக்கம் ஒரு நல்ல விஷயம், வீட்டு உபயோகத்துக்கு வச்சிருந்த மேஜை, கட்டில், அலமாரியை வித்தா மூலதன ஆதாய வரி வராது, அது தனிப்பட்ட உபயோகப் பொருள் கணக்கு. ஓவியம், சிற்பம், கலைப்படைப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. பத்து அலமாரி வாங்கி பாலிஷ் போட்டு வித்தீங்கன்னா அது வியாபாரம், வருமானமா காட்டணும்.

கடைல பழசு வாங்கப் போறவங்களுக்கும் ரெண்டு வார்த்தை. புதுச் சாமான்ல மூணு கலர் பெயிண்ட் அடிச்சு, அங்கங்க சுரண்டி, பழசுன்னு விக்கிறது இப்ப தனித் தொழில். டிராயரை இழுத்துப் பின்பக்கம் பாருங்க. பின்பலகை பிளைவுட்டா, ஸ்க்ரூ தலைல கூட்டல் குறி இருக்கா? கூட்டல் குறி ஸ்க்ரூவுக்கு காப்புரிமையே 1936லதான் வாங்கினாங்க, நூறு வருஷத்து அலமாரில அது இருந்தா பின்னாடி யாரோ ரிப்பேர் பண்ணியிருக்கணும், இல்லை கதை விடறாங்க. தேய்மானத்தையும் பாருங்க. நிஜப் பழசுல கை படற இடம், கால் படற இடம்தான் தேய்ஞ்சிருக்கும். யாருமே தொடாத மூலை தேய்ஞ்சிருந்தா அது உப்புத்தாள் வேலை. தேர்லேருந்தோ கோயில் வாகனத்துலேருந்தோ கழட்டின மாதிரி சிற்ப மரம் எதையாவது சுவர்ல மாட்ட அழகா இருக்குன்னு காட்டினா, தொடாம வெளிய வந்துடுங்க. அது எங்கிருந்து வந்துச்சுன்னு நாளைக்கு போலீஸ் உங்களைத்தான் கேட்கும். ஆன்சைட் போறவங்க கவனிக்க வேண்டியது, நூறு வருஷத்துக்கு மேல பழைய கலைப்பொருளை 1972 சட்டப்படி தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. உங்க சாமான் அந்த வகைல வராதுன்னா, தொல்லியல் துறைகிட்ட சான்றிதழ் வாங்கிட்டு அப்புறம் கன்டெய்னர் பேசுங்க.

வேலை முடிஞ்சப்புறம் பராமரிப்பு ரொம்ப சுலபம். உலர்ந்த மெல்லிய துணில துடைங்க, வருஷத்துக்கு ஒரு தடவை தேன்மெழுகு பூசித் தேயுங்க. ஸ்பிரிட் கலந்த கிளீனர், சானிடைசர் எதுவும் அரக்கு மேல படவே கூடாது. ஆளிவிதை எண்ணெய் போட்டுத் தேய்க்கச் சொன்னா, தேய்ச்ச துணியைச் சுருட்டி மூலைல போடாதீங்க, அது தானா சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சு வெளிய காயப் போட்டுட்டுத்தான் எறியணும்.

நாள் பார்க்கறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழைல அரக்கு பாலிஷ் போட்டா காத்துல இருக்கிற ஈரம் உள்ள மாட்டி பால் மாதிரி வெளுத்துடும். தை பிறந்ததும் ஆளைக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் இருக்கிற நாள்ல முடிக்க வேண்டிய பேச்சு ஒண்ணு இருக்கு. தாத்தா உயில் எழுதாம போயிருந்தா, இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த அலமாரிலயும் அத்தைக்குப் பங்கு உண்டு. நிலத்துக்கு மட்டும்தான் பாகம்னு இல்லை. நீங்க பதினாறாயிரம் செலவு பண்ணி அது பளபளன்னு ஹால்ல நிக்கும்போது, "இது எங்கம்மா சீதனமா கொண்டு வந்ததுப்பா"ன்னு அத்தை சொன்னா உங்ககிட்ட பதில் இருக்காது. முதல்ல அத்தைக்கு ஒரு போன் பண்ணுங்க. அப்படியே அந்தப் பச்சைக்கு முன்னாடி அது என்ன நிறத்துல இருந்துச்சுன்னும் கேளுங்க, வீட்டுல வேற யாருக்கும் தெரிஞ்சிருக்காது.